அதிகாரத்துக்கு பிரேக் போட்டவர்

நாடாளுமன்றம், நிர்வாகம், நீதித்துறை. எஸ்.பி.எம். வரலாற்றுப் பாடத்துக்காக நாம் எல்லோரும் மனப்பாடம் செய்த மூன்று சொற்கள். பரீட்சை முடிந்ததும் மறந்திருப்போம். ஆனால் இந்த மூன்றும் ஏன் ஒரே கையில் இருக்கக்கூடாது என்று ஒருத்தர் பல வருஷம் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். அவர்தான் மாண்டெஸ்கியூ.

1689-இல் பிரான்சின் போர்தோ நகருக்குப் பக்கத்தில், லா பிரெத் என்ற ஊரில் பிறந்தார். வசதியான பிரபுக் குடும்பம். இருந்தாலும் ஞானத்தந்தையாக நிற்க ஒரு பிச்சைக்காரரைத்தான் பெற்றோர் அழைத்தார்களாம். ஏழைகளும் தன் சகோதரர்கள் என்பதைப் பிள்ளை மறக்கக்கூடாது என்பதற்காக! ஏழு வயதில் அம்மாவை இழந்தார். சட்டம் படித்தார். 1716-இல் பெரியப்பா முறையினர் ஒருவர் இறந்தபோது, சொத்தோடு சேர்த்து நீதிபதி பதவியும் இவருக்கு வந்தது. ஆமாம், அன்றைய பிரான்சில் நீதிபதி பதவியே வீடு, நிலம் மாதிரி வாங்கி விற்கும் சொத்து! 1726-இல் இவரும் அதை விற்றுவிட்டார்.

அங்கே மன்னர் வைத்ததுதான் சட்டம். அவர் முத்திரையிட்ட ஒரு கடிதம் போதும், விசாரணையே இல்லாமல் ஒருவரைச் சிறையில் தள்ளலாம். 1721-இல் பாரசீகக் கடிதங்கள் என்ற நூலில் இந்தச் சமுதாயத்தைக் கிண்டல் செய்தார், தன் பெயரைப் போடாமலே.

பிறகு ஐரோப்பா முழுக்கச் சுற்றினார். 1729-இல் இங்கிலாந்து போய் ஏறக்குறைய ஒன்றரை வருஷம் தங்கினார். அங்கே நாடாளுமன்றத்தில் மன்னரின் அமைச்சர்களையே எதிர்த்துப் பேசினார்கள். பேசியவர்கள் பத்திரமாக வீடு திரும்பினார்கள்.

ஊர் திரும்பி, கண்பார்வை மங்கிய நிலையிலும் ஆள் வைத்துப் படிக்கச் சொல்லியும் எழுதச் சொல்லியும் உழைத்தார். 1748-இல் சட்டங்களின் ஆன்மா ஜெனீவாவில் வெளிவந்தது. அதில் அவர் சொன்னது இதுதான்: சட்டம் போடுகிறவரே அதை அமல்படுத்தினால் கொடுமையான சட்டம் வரும், அவரே தீர்ப்பும் சொன்னால் மக்களுக்குப் போக்கிடமே இல்லை. மூன்றையும் பிரித்தால் மட்டும் போதாது, ஒன்றை ஒன்று தடுக்கும் சக்தியும் வேண்டும். 1751-இல் கத்தோலிக்கத் திருச்சபை அந்த நூலைத் தடை செய்தது. 1755-இல் பாரிஸில் அவர் காலமானார். 1787-இல் அமெரிக்க அரசியலமைப்பை எழுதியவர்கள் அவர் நூலைக் கரைத்துக் குடித்தவர்கள்.

நம் நாட்டில் அமைச்சர்கள் நாடாளுமன்றத்திலிருந்தே வருகிறார்கள். அதாவது, மூன்றில் இரண்டு ஏற்கெனவே ஒட்டித்தான் இருக்கின்றன. அதனால்தான் மூன்றாவதான நீதிமன்றம் சுதந்திரமாக இருப்பது நமக்கு இன்னும் முக்கியம்.

இன்ஜினியரிங் படிக்கிறவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். மோட்டார் நல்லதாக இருக்கிறது என்பதற்காக லிஃப்டின் பிரேக்கை யாரும் கழற்றுவதில்லை. தலைவர் நல்லவர்தானே, கணக்கு எதுக்கு என்று கேட்பதும் அப்படித்தான். நல்லவருக்கும் பிரேக் வேண்டும். அவருக்குப் பின்னால் யார் வருவார் என்று நமக்குத் தெரியாதே!

நண்பர்களே, நம் கிளையிலிருந்தே தொடங்கலாம். செலவு செய்கிறவர் ஒருவர், கணக்கைத் தணிக்கை செய்கிறவர் வேறொருவராக இருக்கட்டும். அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் அறிக்கையைக் கையில் வாங்கியதும், கை தட்டுவதற்கு முன் ஒரு கேள்வியாவது கேளுங்கள்.