கடல் கடந்து வந்த தமிழ் முனிவர்

அருணகிரிநாதர் சந்தத் தமிழ் பாடிய திருவண்ணாமலையிலிருந்து சென்னைக்குக் கல்விச் சுற்றுலா செல்லும் மாணவர்கள் மெரினா கடற்கரையைக் காணாமல் திரும்புவதில்லை. அங்கே வள்ளுவர், ஔவையார், கம்பர் சிலைகளின் வரிசையில் இத்தாலி நாட்டுக் கவிஞர் ஒருவரும் நிற்கின்றார். 1968ஆம் ஆண்டு, அறிஞர் அண்ணா முதலமைச்சராக விளங்கியபோது, இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி நிறுவப்பெற்ற அச்சிலைக்குரியவர் வீரமாமுனிவர். அயல்நாட்டார் ஒருவர்க்குத் தமிழகம் இச்சிறப்பை அளித்தது ஏன்? அவர்தம் வாழ்வே அதற்கு விடையாகும்.

1680ஆம் ஆண்டு இத்தாலியில் பிறந்த இவரது இயற்பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. இயேசு சபைத் துறவியாகிய இவர் 1710இல் இந்தியா போந்து, மதுரை மறைத்தளத்தில் பணியேற்றார். காவியுடை பூண்டு, புலால் மறுத்து, சுப்பிரதீபக் கவிராயரிடம் தமிழ் பயின்றார். இன்றைய அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் நெடுங்காலம் வாழ்ந்தார். 3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட தேம்பாவணியை 1726இல் நிறைவு செய்தார்.

இவருக்குச் சற்று முன்னர் வாழ்ந்த உமறுப்புலவர், சீறாப்புராணத்தில் அரபு நாட்டைப் பாடுங்கால், தமிழகத்து ஆறும் வயலும் அங்கே வந்து நின்றன. தேம்பாவணியில் யூதேய நாடும் அவ்வாறே மருதநிலமாகக் காட்சியளிக்கின்றது. சமயம் வேறாயினும் இருவர்க்கும் வழிகாட்டியது கம்பர் வகுத்த காப்பிய நெறியே. தமிழ் எச்சமயத்தார்க்கும் உரிய மொழி என்பதற்கு இவ்விரு நூல்களும் சான்றாம்.

அக்காலத்தில் எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளியிடுதல் மரபு. ஓலை கிழியும் என்றஞ்சி எழுதுவோர் புள்ளியை விடுத்தனர்; கொடு எனப் படிப்பதா, கோடு எனப் படிப்பதா எனக் கற்போர் மயங்கினர். முனிவர் நெடில்களுக்குத் தனி வடிவம் தந்து அம்மயக்கத்தைத் தீர்த்தார். நிகண்டுப் பாக்களை மனனம் செய்தே சொற்பொருள் அறிந்த காலத்தில், 1732இல் அகரவரிசையில் சதுரகராதியைத் தொகுத்தார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். 1747இல் கேரளத்து அம்பலக்காட்டில் மறைந்தார்.

வேறு பாடத்தில் இடம் கிடைக்காமையால் தமிழ் பயில வந்தோம் எனச் சோர்வுடன் உரைக்கும் மாணவரை ஆண்டுதோறும் காண்கின்றோம். முப்பதாம் அகவையில் தமிழ் எழுத்தறியத் தொடங்கியவர் காப்பியப் புலவரானார். தாய்ப்பாலோடு தமிழைப் பெற்ற நமக்குத் தயக்கம் ஏன்? கடற்கரைச் சிலையைக் காண ஒருநாள் பயணம் வேண்டும். அவர் தந்த ஏகார ஓகாரங்களோ நாள்தோறும் நம் விரல்நுனியில் பிறக்கின்றன. அவற்றை எழுதுந்தோறும் அவரது உழைப்பை நினைவோமாக!