காற்றைத் தொட்டியில் அடைத்தவர்

வீட்டு ஷெட்டிலேயே பட்டறை போட நினைக்கும் நண்பர்களே! டிரில்லிங் மெஷின், கிரைண்டர் வாங்குவது சுலபம். கம்ப்ரஸர் வாங்கும்போதுதான் பலர் ஹெச்.பி.யை மட்டும் பார்த்து ஏமாறுகிறார்கள். அவங்க ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் கதையைத் தெரிஞ்சுக்கணும்.

1846-ல் அமெரிக்காவில் பிறந்தவர். அப்பாவின் விவசாயக் கருவிப் பட்டறையில் வளர்ந்தார். கல்லூரியைப் பாதியில் விட்டார் (நாம் விடக் கூடாது!). 19 வயதில் முதல் பேட்டன்ட்.

அப்போது ரயிலில் பெட்டிக்குப் பெட்டி ஆள் ஓடி, கையால் சக்கரம் திருகித்தான் பிரேக் போடணும். ஆல்ப்ஸ் சுரங்கத்தில் அழுத்தக் காற்றால் பாறை துளைப்பதைப் பத்திரிகையில் படித்தவருக்குப் பொறி தட்டியது. 1869-ல் ஏர் பிரேக்குக்குப் பேட்டன்ட் கிடைத்தது. எஞ்சினில் நீராவிக் கம்ப்ரஸர், அங்கிருந்து பெட்டிகளுக்குக் குழாய். ஆனால் ஹோஸ் அறுந்தால் பிரேக்கே கிடையாது! கடைசிப் பெட்டிக்குக் காற்று போய்ச் சேரவும் நேரமாகும்.

மனுஷன் விடவில்லை. 1872-ல் தலைகீழாக மாற்றினார். ஒவ்வொரு பெட்டிக்கடியிலும் தனித் தொட்டி, ஒரு டிரிப்பிள் வால்வு. குழாயில் அழுத்தம் குறைந்தால் தொட்டிக் காற்று பாய்ந்து பிரேக் பிடிக்கும். ஹோஸ் அறுந்தாலும் ரயில் நிற்கும்.

நம்ம பட்டறையிலும் டேங்க்தான் சேமிப்பு. நட்டு கழற்றும் இம்பாக்ட் ரெஞ்சுக்குச் சில நொடிக் காற்று போதும், டேங்க் சமாளிக்கும். ஸ்பிரே பெயின்டிங், ஏர் சாண்டர் என்றால் டேங்க் சீக்கிரம் காலியாகிவிடும். நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று தரும் என்று கேட்டு வாங்குங்க.

பிறகு அவர் டெஸ்லாவின் பேட்டன்ட்களைப் பெற்று, 1893 சிகாகோ கண்காட்சிக்கு ஏ.சி. மின்சாரத்தில் விளக்கேற்றினார். 1907 பண நெருக்கடியில் மின் கம்பெனி கைநழுவியது. பிரேக் கம்பெனி தப்பியது. 1914-ல் மறைந்தார்.