தகடு தட்டி வளர்ந்தவர்

ஃபெராரி காரைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள், நண்பர்களே. பல ஃபெராரிகளுக்குப் பாடி கட்டிய பத்திஸ்தா ஃபரினா, இத்தாலியில் 1893-இல் பிறந்தவர். பதினோரு பிள்ளைகளில் பத்தாவது. 'பினின்', அதாவது சின்னவன் என்பது செல்லப் பெயர். சிறுவயதிலேயே டூரின் நகரில் அண்ணனின் பாடி பட்டறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். 1930-இல் சொந்தப் பட்டறை.

என்னை அசத்தியது 1947-ஆம் வருஷத்து சிசிடாலியா 202 ஸ்போர்ட்ஸ் கார்தான். மர அச்சின் மேல் அலுமினியத் தகட்டை வைத்து, சுத்தியலால் கையாலேயே தட்டித் தட்டி எடுத்த பாடி. பழைய கார்களில் பானெட், மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் தனித்தனியாகத் துருத்திக்கிட்டு நிற்கும். இதிலே எல்லாமே ஒரே வளைவாக ஓடுது. ஷீட் மெட்டல் பிராக்டிகலில் ஒரு சதுர டிரே மடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்! 1951-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அந்தக் காரைக் கண்காட்சியில் வைத்தது.

டிப்ளமா படிச்சவன் டிங்கரிங் பட்டறைக்கா போவான் என்று எங்க வீட்டில் கேட்கிறார்கள். அப்பாவிடம் இந்தக் காரின் படத்தைத்தான் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

1961-இல் இத்தாலிய அரசின் அனுமதியோடு செல்லப் பெயரும் சேர்ந்து, குடும்பப் பெயரே பினின்ஃபரினா ஆனது. 1966-இல் காலமானார்.