சிமெண்ட் மூட்டையை எண்ணி எண்ணிச் செலவழித்தவர் – லாரி பேக்கர்

இந்த இதழின் 'பெரியோர் வரலாறு' பகுதியில் நாம் பார்க்கப் போறவர் ஒரு வெள்ளைக்காரர். ஆனா வாழ்நாளில் பாதிக்கு மேல நம்ம நாட்டுக் கொத்தனார்களோட வெயில்ல நின்னு வீடு கட்டினவர். கடைசியில் இந்தியக் குடிமகனாகவே இறந்தவர். பெயர் லாரி பேக்கர்.

இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரில் 1917 மார்ச் 2-ஆம் தேதி பிறந்தார். அங்கேயே கட்டடக்கலை படித்து 1937-இல் பட்டம் வாங்கினார். இரண்டாம் உலகப்போர் வந்தது. பேக்கர் குவாக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். அவர்கள் போரில் ஆயுதம் எடுப்பதில்லை. அதனால் ஆம்புலன்ஸ் படையில் சேர்ந்து சீனாவுக்குப் போனார். அங்கே காயம்பட்டவர்களையும் தொழுநோயாளிகளையும் கவனித்தார். ஊருக்குத் திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்காக ஏறத்தாழ 3 மாதம் காத்திருக்க வேண்டியதாயிற்று. கப்பல் சீக்கிரம் வந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை!

அந்த நாட்களில்தான் காந்தியடிகளைச் சந்தித்தார். பேக்கர் காலில் போட்டிருந்தது சீனாவில் பழைய துணியில் தைத்த செருப்பு. காந்தி அதைக் கவனித்து விசாரித்தாராம். பேச்சு வீடு பக்கம் திரும்பியது. ஒரு வீட்டுக்கு வேண்டிய பொருளெல்லாம் கட்டுற இடத்திலிருந்து 5 மைலுக்குள்ளேயே கிடைக்கணும் என்பது காந்தியின் எண்ணம். 5 மைல் என்றால் 8 கிலோமீட்டர். கரையாம்புத்தூரிலிருந்து சைக்கிளில் முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். நம்ம தாத்தா பாட்டி காலத்து வீடுகளைப் பாருங்க. ஆத்து மணல், களிமண், சூளைச் செங்கல், பனஞ்சட்டம், நாட்டு ஓடு. எல்லாம் மாட்டு வண்டி போய்வரும் தூரத்தில் கிடைத்தவை. இப்போ கட்டுற வீட்டுக்கு சிமெண்ட், கம்பி, டைல்ஸ் எல்லாம் எத்தனை நூறு கிலோமீட்டர் தாண்டி வருகின்றன என்று யாராவது கணக்குப் பார்த்ததுண்டா?

1945-இல் பேக்கர் மறுபடியும் இந்தியா வந்தார். தொழுநோயாளிகளுக்கான விடுதிகளைக் கட்டிக்கொடுப்பதுதான் வேலை. இங்கிலாந்தில் படித்த படிப்பு இங்கே உதவவில்லை. கரையானைப் பற்றி எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை! செம்மண், மூங்கில், பருவமழை எதுவும் தெரியாது. அதனால் உள்ளூர் கொத்தனார், தச்சர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். பட்டம் வாங்கினவர் கைநாட்டுக்காரரிடம் பாடம் கேட்டது அந்தக் காலத்தில் சாதாரண விஷயமில்லை.

எலிசபெத் என்ற கேரளத்து டாக்டரை 1948-இல் மணந்தார். இருவரும் இமயமலையில் பித்தோராகர் பக்கம் போனார்கள். டாக்டர் வந்திருக்காங்க என்ற சேதி பரவியதும் மலைக்கிராமத்து நோயாளிகள் வந்துகொண்டே இருந்தார்கள். சும்மா பார்க்கப் போனவர்கள் அங்கேயே 16 வருஷம் தங்கிவிட்டார்கள். மனைவி வைத்தியம் பார்க்க, கணவர் ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் கட்டினார். அந்த ஊர்க்காரங்க கல்லையும் மரத்தையும் மண்ணையும் வைத்துக் கட்டும் வீடு பனியிலும் காற்றிலும் எப்படி நிற்கிறது என்பதை அங்கேதான் பார்த்தார். 1963-இல் கேரளத்தில் வாகமண்ணுக்கு வந்து, பிறகு திருவனந்தபுரத்தில் குடியேறினார். அவர் பேர் நாடெங்கும் தெரிந்தது அங்கே கட்டின கட்டடங்களால்தான்.

இப்போ முக்கியமான இடத்துக்கு வருவோம். பேக்கர் அப்படி என்னதான் செய்தார்?

முதலில் 'எலிப்பொறிக் கட்டு'. இங்கிலாந்தில் ஏற்கனவே இருந்த முறை இது. அவர் இங்கே பரப்பினார். வழக்கமா கொத்தனார் செங்கல்லைப் படுக்க வைப்பார். எலிப்பொறிக் கட்டில் செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி வைப்பார்கள். வெளிப்பக்கம் ஒரு கல், உள்பக்கம் ஒரு கல், நடுவில் காலி இடம். சுவரின் கனம் அதே 9 அங்குலம்தான். ஆனா செங்கல் ஏறத்தாழ கால் பங்கு குறையும். கலவையும் குறையும். உள்ளே அடைபட்ட காற்று வெயிலைச் சீக்கிரம் வீட்டுக்குள் விடாது. சித்திரை மாசம் வீட்டுக்குள்ள படுக்க முடியாம திண்ணைக்கு ஓடுறவங்களுக்கு இதன் அருமை தெரியும்.

அடுத்தது தளம். கான்கிரீட் தளத்தில் மேல்பகுதி அழுத்தத்தைத் தாங்கும், கீழ்ப்பகுதி இழுவையில் இருக்கும். இழுவையைத் தாங்குவது கம்பிதான். கம்பிகளுக்கு நடுவே இருக்கும் கான்கிரீட் பெரும்பாலும் சும்மா பாரமாகத் தொங்குகிறது. சும்மா இருக்குறதுக்கு ஏன் சிமெண்ட்? அந்த இடத்தில் பழைய சீமை ஓட்டை இரண்டிரண்டாக வைத்து மேலே கான்கிரீட் போட்டார். கான்கிரீட்டும் மிச்சம், பாரமும் கம்மி. பாரம் குறைந்ததால் கம்பியும் குறைந்தது. கீழே படுத்துப் பார்த்தால் ஓடு வரிசையா அழகா தெரியும்.

சுவருக்குப் பூச்சு வேண்டாம் என்பார். நல்லா கட்டின செங்கல்லை ஏன் மறைக்கணும் என்பது அவர் கட்சி. ஜன்னலுக்குப் பதிலா செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கி 'ஜாலி' சுவர் வைத்தார். காத்து வரும், வெளிச்சம் வரும், திருடன் வரமாட்டான். இடித்த வீட்டுக் கதவு, உடைந்த ஓடு, காலி பாட்டில் எதையும் தூக்கிப் போட விடமாட்டார். வரைபடத்தைக்கூட வந்த கல்யாணப் பத்திரிகை, பழைய கவர் இவற்றின் பின்பக்கத்தில்தான் போடுவார். மனையில் மரம் இருந்தால் மரத்தை வெட்டமாட்டார், சுவரை வளைத்துவிடுவார்.

இதெல்லாம் சிக்கனம் மட்டும்தானே என்று கேட்கலாம். இல்லை. சிமெண்ட் செய்ய சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 1450 டிகிரி வெப்பத்தில் சுடுகிறார்கள். எரிக்கும் நிலக்கரியிலிருந்து கரியமில வாயு வருகிறது. அதைவிட அதிகமாக அந்தக் கல்லிலிருந்தே வருகிறது! கல்லுக்குள் அடங்கியிருந்த வாயு சூட்டில் பிரிந்துவிடும். சூரிய ஒளி மின்சாரத்தில் சூளையை ஓட்டினாலும் இந்தப் பங்கு நிற்காது. நம்ம நாட்டில் 50 கிலோ மூட்டை ஒன்றுக்குச் சுமார் 30 கிலோ கரியமில வாயு என்று வைத்துக்கொள்ளலாம். உலகம் முழுக்க மனிதர்கள் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7 முதல் 8 சதவீதம் சிமெண்டால் வருவது. வீட்டில் விளக்கை அணைத்து மிச்சம் பிடிப்பது கிரகப்பிரவேசத்துக்கு அப்புறம். ஆனா சுவருக்குள்ளேயே அடங்கிப்போன இந்தப் புகை, பால் காய்ச்சுறதுக்கு முன்னாடியே வானத்துக்குப் போய்விட்டது. அதைத் திருப்பிப் பிடிக்க முடியாது, கட்டும்போதே குறைத்தால்தான் உண்டு.

பேக்கர் இந்தக் கணக்கையெல்லாம் சொல்லி ஆரம்பிக்கவில்லை. ஏழைக்கு வீடு வேணும், விறகும் நிலக்கரியும் வீணாகக் கூடாது என்றுதான் ஆரம்பித்தார். செங்கல் சுடவும் விறகு வேண்டும் என்பதால், சுடாத மண்ணில் கட்டுவது பற்றியும் படம் போட்டு ஒரு சிறு புத்தகம் எழுதினார்.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. பூச்சு இல்லாத வீட்டைப் பார்த்தவர்கள் பாதியில் நின்ற வீடு என்று சிரித்தார்கள். எலிப்பொறிக் கட்டுக்கு நிதானமான கை வேண்டும், வேகமாகக் கட்டுகிற கொத்தனார் முகம் சுளிப்பார். நம்ம ஊரிலும் கேட்டுப் பாருங்க, மெத்தை வீடுன்னா பளபளன்னு பூசணும் என்பார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் நம்ம கடற்கரையில் கூரைகளைப் பிய்த்து எறிந்ததைப் பார்த்தவர்களுக்கு கான்கிரீட் மேல்தான் நம்பிக்கை. 2024-இல் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு பெண்ணையாத்து வெள்ளம் பாகூர் பக்கத்து ஊர்களுக்குள் புகுந்தது. அந்தத் தண்ணியில் வெறும் மண்சுவர் ஊறிக் கரைந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் கடைக்கால் உயரமாகவும் சுவர் சுட்ட செங்கல்லாகவும் இருப்பதே சரி என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்காக மூட்டை மூட்டையாகக் கொட்டணும் என்பதில்லை. நம்ம பக்கத்து ஆரோவில்லில் 1989 முதல் கொஞ்சம் சிமெண்ட் கலந்து மண்ணை அழுத்திச் செய்த கல்லில் கட்டுகிறார்கள். அந்தக் கல்லுக்குச் சூளையே வேண்டாம்.

திருவனந்தபுரத்தில் பொருளாதார அறிஞர் கே.என்.ராஜ் தொடங்கிய வளர்ச்சி ஆய்வு மையத்தின் கட்டடங்களை 1970-களில் பேக்கர்தான் கட்டினார். 1985-இல் முன்னாள் முதல்வர் அச்சுத மேனன், ராஜ் ஆகியோருடன் சேர்ந்து 'காஸ்ட்ஃபோர்ட்' என்ற அமைப்பை உருவாக்கினார். கொத்தனார்களுக்கு இந்த வேலையைக் கற்றுத்தருவதும் அதன் நோக்கம். இவர் முறையில் சிமெண்டுக்குப் போகும் பணம் குறைந்து, உள்ளூர் ஆளின் கூலிக்குப் போகும் பணம் கூடும். சித்தாள் வேலைக்குப் போகிற அம்மா உள்ளவர்களுக்கு இது புரியும்.

1989-இல் இந்தியக் குடியுரிமை கிடைத்தது, 1990-இல் பத்மஸ்ரீ. 2007 ஏப்ரல் 1-ஆம் தேதி, 90 வயதில், நாலாஞ்சிறையில் தானே கட்டிய வீட்டில் காலமானார். திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் திருகு மாதிரி சுற்றிச் சுற்றி மேலே ஏறும் சிவப்பு செங்கல் இந்தியன் காபி ஹவுஸ் அவர் கட்டியதுதான்.

மூளைக்கு வேலை: ஒரு வீட்டுச் சுவருக்கு 16,000 செங்கல் வேண்டும். எலிப்பொறிக் கட்டில் கட்டினால் எத்தனை செங்கல் மிச்சம்? ஒரு டிராக்டரில் 2,000 செங்கல் வந்தால் எத்தனை நடை குறையும்? விடையை எழுதி இதழ் ஒட்டியிருக்கும் சுவருக்குக் கீழே உள்ள பெட்டியில் போடவும். பெயர், வகுப்பு எழுத மறக்காதீங்க!