காகிதத்தில் மேகம் தீட்டிய கேப்டன்

இவ்வாண்டு மலருக்காகப் பழைய புகைப்படம் ஒன்று எங்கள் வகுப்பிடம் தரப்பட்டது. மதுராந்தகம் ஏரிக்கரையில் நம் முன்னாள் மாணவியர் வரிசையாக நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம். கைப்பேசியில் அதற்கு வண்ணம் ஏற்றிப் பார்த்தோம். தலை ரிப்பன்கள் நீலமாயின. அழகாகத்தான் இருந்தது! ஆனால் படத்தில் நிற்கும் ஒருவர், இன்று எங்கள் தோழிக்குப் பாட்டி, ரிப்பன் அரக்குச் சிவப்பு என்று சொல்லிவிட்டார். வண்ணமா, கறுப்பு வெள்ளையா என்று வகுப்பே இரண்டாகப் பிரிந்தது. அப்போது அருட்சகோதரி ஒருவர், கேப்டன் லின்னேயஸ் ட்ரைப் வரலாற்றைப் படித்துவிட்டு வாருங்கள் என்றார்.

ட்ரைப் 1822ஆம் ஆண்டு இங்கிலாந்தில், பிளிமத் நகரை அடுத்த டெவன்போர்ட்டில் பிறந்தார். இளவயதிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்தார். விடுப்பில் தாயகம் சென்றபோது புகைப்படக் கலையில் ஈடுபட்டார். 1855இல் தூதுக்குழுவுடன் பர்மா சென்று படமெடுத்தார். மறு ஆண்டு சென்னை அரசாங்கம் அவரைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது.

1858ஆம் ஆண்டு அவர் மாட்டு வண்டிகளில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு திருவரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை என்று சுற்றினார். மெழுகு பூசிய காகிதமே அவருக்குப் பெரும்பாலும் நெகடிவ். நம் ஊர் வெயிலில் மெழுகு என்ன பாடுபட்டிருக்கும்!

அக்காலத்து நெகடிவ் நீல ஒளியை மட்டுமே நன்றாக உணரும். ஆகவே நீல வானம் வெறும் வெள்ளையாகும்; பச்சை மரம் கரிக்கட்டையாகும். உள்ளதை உள்ளபடி காட்டும் என்று நாம் நம்பும் கறுப்பு வெள்ளையும் பொய் சொல்லும் என்பது எங்களுக்குப் புதுச் செய்தி. ட்ரைப் தூரிகை எடுத்து, நெகடிவிலேயே மேகங்களைத் தீட்டினார். இலைகளுக்கும் வெளிச்சம் கொடுத்தார்.

அப்படியானால் நாங்கள் ரிப்பனுக்கு நிறம் கொடுத்தது மட்டும் தவறா என்று வண்ணக் கட்சியினர் கேட்டனர். நல்ல கேள்விதான். ஆனால் ட்ரைப் அந்த மரத்தடியில் நின்றவர். எங்கள் கைப்பேசி ரிப்பனைப் பார்த்ததே இல்லை.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடியில் ஓடும் கல்வெட்டுகளை அவர் எடுத்த விதம் வியப்பானது. 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளச் சுருளாக்கினார். எழுத்துகளைப் படித்தறிவதற்கான வேலை அது. கற்பனைக்கு அங்கே இடமில்லை.

1859இல் ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவிலியன் இதை வீண் ஆடம்பரம் என்று கருதினார். 1860இல் வேலை மூடப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டே லண்டனில் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல், சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் வழியே எடுத்த மூன்று கறுப்பு வெள்ளைப் படங்களைத் திரையில் ஒன்றின்மேல் ஒன்றாக வீழ்த்தி வண்ணப்படம் காட்டினார். ட்ரைப் அதன்பின் மிகச் சில படங்களே எடுத்தார். படைப்பணியில் தொடர்ந்து, ஓய்வுபெற்று, 1902இல் பிறந்த ஊரிலேயே காலமானார்.

எங்கள் படம் கறுப்பு வெள்ளையாகவே அச்சாகிறது. ரிப்பன் அரக்குச் சிவப்பு என்று அடியில் எழுதியிருக்கிறோம்.