அஸ்மா (ரலி) அவர்களும் கணவரின் ரோஷமும்

 

மனைவியின் செல்போனைப் பறித்துப் பார்ப்பவர் அதை ரோஷம் என்கிறார். தாய் வீட்டுக்குப் போகக் கூடாது என்று தடுப்பவரும் ரோஷம் என்றே சொல்கிறார். மார்க்கம் புகழ்ந்த ஒரு குணத்தின் பெயரை எதற்கெல்லாமோ சூட்டிவிட்டோம். ரோஷத்துக்குப் பேர்போன ஒருவரோடு குடும்பம் நடத்திய ஒரு ஸஹாபிப் பெண்மணியின் வாழ்க்கையைக் கொஞ்சம் பாருங்கள்.

அபூபக்ர் (ரலி) அவர்களின் மகள் அஸ்மா (ரலி). ஹிஜ்ரத்தின்போது பயண உணவைக் கட்டக் கயிறு இல்லாமல் தம் இடுப்புக் கச்சையையே இரண்டாகக் கிழித்தவர்கள். அவர்களை மணந்தவர் ஸுபைர் (ரலி), சொர்க்கத்துக்கு நன்மாராயம் கூறப்பட்ட பத்துப் பேரில் ஒருவர். ஆனால் மணந்தபோது அவரிடம் ஒரு குதிரையும் தண்ணீர் இறைக்கும் ஓர் ஒட்டகமும் தவிர வேறு சொத்து இல்லை.

அஸ்மா (ரலி) குதிரைக்குத் தீனி போடுவார்கள், தண்ணீர் சுமப்பார்கள், தோல் வாளியைத் தைப்பார்கள், மாவு பிசைவார்கள். ரொட்டி மட்டும் சரியாகச் சுட வராது. அண்டை வீட்டு அன்ஸாரிப் பெண்கள்தான் சுட்டுக் கொடுப்பார்கள். ஸுபைருக்கு நபி (ஸல்) அவர்கள் கொடுத்திருந்த நிலம் சுமார் இரண்டு மைல் தொலைவில் இருந்தது. அங்கிருந்து பேரீச்சங் கொட்டைகளைத் தலையில் சுமந்து நடந்தே வருவார்கள்.

ஒருநாள் அப்படி வரும்போது, நபி (ஸல்) அவர்கள் சில அன்ஸாரித் தோழர்களோடு எதிரே வந்தார்கள். பின்னால் ஏற்றிக்கொள்வதற்காகத் தம் ஒட்டகத்தை மண்டியிடச் செய்தார்கள். அஸ்மாவுக்கோ ஆண்களோடு செல்ல வெட்கம். கணவரின் ரோஷமும் நினைவுக்கு வந்தது. முகத்திலேயே அதைப் புரிந்துகொண்ட நபி (ஸல்) அவர்கள் வற்புறுத்தவில்லை, கடந்து போனார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நடந்ததை அஸ்மாவே கணவரிடம் சொன்னார்கள். இதைக் கவனியுங்கள். மறைக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. ஸுபைரும் அங்கே யார் யார் இருந்தார்கள் என்று விசாரணை நடத்தவில்லை. நீ நபியோடு ஏறி வந்திருப்பதைவிட அந்தச் சுமையைத் தலையில் சுமந்து வந்ததுதான் எனக்குப் பாரமாக இருக்கிறது என்ற பொருளில் பேசினார். அவருடைய ரோஷம் மனைவி பட்ட சிரமத்தின் மீது போய் விழுந்தது.

ஆனாலும் சொல்லால் மட்டும் சுமை இறங்கவில்லை. பிறகு தந்தை அபூபக்ர் (ரலி) குதிரையைப் பார்த்துக்கொள்ள ஒரு பணியாளை அனுப்பினார்கள். அடிமைத்தளையிலிருந்து விடுதலை கிடைத்தது போல் இருந்ததாக அஸ்மா (ரலி) பின்னாளில் நினைவுகூர்ந்தார்கள். ஸுபைர் கடுமையான சுபாவம் உள்ளவர் என்றும், பிற்காலத்தில் இருவரும் பிரிந்தார்கள் என்றும் வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

அந்த அம்மையாரே ஒருவரை இறுக்கிப் பிடித்துக்கொள்ள எல்லாக் காரணமும் இருந்த ஒரு நாளும் வந்தது. ஹிஜ்ரி 73. மகன் அப்துல்லாஹ் (ரலி) மக்காவில் ஹஜ்ஜாஜின் முற்றுகைக்குள் இருந்தார். கூட இருந்தவர்கள் பலர் விட்டுப் போய்விட்டார்கள். ஆலோசனை கேட்டுத் தாயிடம் வந்தார். தாய்க்கு நூறு வயதை ஒட்டியிருக்கும், கண் பார்வையும் போயிருந்தது. எனக்காகச் சரணடைந்துவிடு என்று அவர்கள் கேட்கவில்லை. சத்தியத்தில் இருக்கிறாயா என்பது உனக்குத்தான் தெரியும், இருந்தால் அதே வழியில் போ என்று முடிவை மகனிடமே விட்டார்கள். கொன்றபின் உடலைச் சிதைப்பார்களே என்று மகன் கலங்கியபோது, அறுத்த ஆட்டுக்குத் தோலுரிப்பது வலிக்காது என்று தேற்றினார்கள். அணைத்து விடைகொடுத்தார்கள்.

மகன் கொல்லப்பட்டு, உடல் கழுமரத்தில் தொங்கவிடப்பட்டது. அது இறக்கி அடக்கம் செய்யப்பட்ட சில நாட்களில் அஸ்மா (ரலி) அவர்களும் வஃபாத்தானார்கள்.