குரல் நரம்பைக் கண்ட கேலன்

மனிதன் பேசுவது நெஞ்சின் ஏவலாலா, மூளையின் ஏவலாலா? கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் உரோம் நகரத்து அறிஞரிடையே இவ்வினா பெரும்பூசல் விளைத்தது. குரல் மார்பினின்று எழும் மூச்சோடு வருதலின், அறிவின் இருப்பிடமும் நெஞ்சே எனத் தத்துவ அறிஞர் பலர் சாதித்தனர். அவர்களை எதிர்த்து நின்றவர் கேலன் என்னும் கிரேக்க மருத்துவர்.

கேலன் 129ஆம் ஆண்டில் சின்ன ஆசியாவிலுள்ள பெர்கமம் நகரில் பிறந்தார். தந்தையார் நைக்கான் கட்டடக் கலையில் வல்லவர்; தாம் கண்ட கனவொன்றை நம்பி மகனை மருத்துவம் கற்பித்தார். அலெக்சாந்திரியா வரை சென்று பயின்ற கேலன், 157இல் ஊர் திரும்பி வாட்போர் மல்லர்களுக்கு மருத்துவரானார். மனித உடலை அறுத்தாராயும் வழக்கம் அக்காலத்தில் இல்லை. மல்லர்களின் புண்களும் விலங்குகளின் உடல்களுமே அவருக்குப் பாடநூல்களாயின.

162இல் அவர் உரோம் நகரை அடைந்தார். உயர்பதவி வகித்த பிளேவியஸ் போயத்தஸ் ஓர் அவையைக் கூட்டினார். கேலன் தொடங்குமுன், அலெக்சாந்தர் என்னும் தத்துவ அறிஞர் எழுந்து, புலன்கள் காட்டுவதை நம்பலாமோ என்று வினவினார். கேலன் சினந்து வெளியேறிவிட்டார்! பொறுமை அவருடைய குணங்களுள் ஒன்றன்று. பின்னர்ப் பலரும் வேண்டவே அவர் மீண்டும் அவையேறினார்.

கட்டுண்ட பன்றி கதறிக்கொண்டிருந்தது. கேலன் அதன் கழுத்தைத் திறந்து, மூச்சுக்குழலின் இருபுறமும் மெல்லியவாய்ச் செல்லும் நரம்புகளை நூலாற் கட்டினார். கதறல் அடங்கிற்று, உயிரோ போகவில்லை. நூலை அவிழ்த்தார், குரல் மீண்டது. மயக்க மருந்து அறியாத அந்நாளில் அவ்வுயிர் பட்ட துன்பம் நினைக்கவும் கொடியது. ஆயினும் குரலை ஆள்வது மூளை என்பதை அவையோர் கண்ணாற் கண்டனர்.

அந்நரம்பின் வழி வியப்புடையது. மூளையினின்று இறங்கும் பெருநரம்பின் கிளையாகிய அது, குரல்வளையைக் கடந்து கீழே போய், இடப்புறம் இதயத்தினின்று எழும் பெருந்தமனியையும் வலப்புறம் கைக்குச் செல்லும் தமனியையும் வளைத்து, மீண்டும் மேலேறுகிறது. கேலன் இதனைக் கப்பியிற் சுற்றிய கயிற்றுக்கு ஒப்பிட்டார். கருவில் இதயம் கழுத்தருகே தோன்றிக் கீழிறங்குகையில் நரம்பையும் உடன் இழுப்பதே இதன் காரணம் என்று பிற்காலத்தார் கண்டனர். குரல் நாண்களை விரித்துக் குவிக்கும் தசைகளுள் ஒன்று நீங்கலாக ஏனையவற்றை இயக்குவது இந்நரம்பே.

ஒரு சிறுவனின் கழுத்துக் கட்டிகளை அகற்றிய மருத்துவர் ஒருவர், அறியாது இந்நரம்புகளையும் அறுத்துவிட்டார். கட்டி நீங்கியது, குரலும் போயிற்று. குரல்வளையில் காயமே இல்லாதிருக்கக் குரல் போனதேன் என்று எல்லாரும் திகைத்தனர். காரணத்தை விளக்கியவர் கேலனே.

விலங்குடலிற் கண்டவற்றை மனிதனுக்கும் உரியனவாக எழுதியமையால் அவர் நூல்களிற் பல பிழைகள் புகுந்தன. 1543இல் வெசாலியஸ் அவற்றை எடுத்துக்காட்டினார். குரல் நரம்பைப் பற்றிய உண்மையோ நிலைத்துவிட்டது. இன்றும் கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பியை அகற்றும் மருத்துவர், அந்நரம்பைத் தேடிக் கண்டுகொண்டு, அதன்மேற் கத்தி படாதவாறு காத்துக்கொள்கின்றனர்.